ஏடிஎச்டி குழந்தைக்கு வல்லாரை, மீன் எண்ணெய், மூளை அலைப் பயிற்சி: எதை நம்பலாம்?

கேள்வி: என் மகனுக்கு 7 வயது, இரண்டாம் வகுப்பு படிக்கிறான். ஏடிஎச்டி (கவனக்குறைவும் அளவுக்கு மீறிய துறுதுறுப்பும்) என்று போன மாதம் சொன்னார்கள். பெற்றோருக்கான பயிற்சிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். தேவைப்பட்டால் மாத்திரை தொடங்கலாம் என்றும் சொன்னார்கள். மாத்திரை என்றதும் வீட்டில் எல்லோரும் பயந்துவிட்டோம். மாமியார் வல்லாரை லேகியம் வாங்கி வந்திருக்கிறார். நாத்தனார் மீன் எண்ணெய் கொடுக்கச் சொல்கிறார். கோதுமை, பால், சர்க்கரை மூன்றையும் நிறுத்தினால் சரியாகிவிடும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். ஊரில் ஒரு மையத்தில், தலையில் கருவி மாட்டி மூளை அலையைத் திரையில் காட்டிப் பழக்கும் மூளை அலைப் பயிற்சி 40 அமர்வு, அமர்வுக்கு 1,500 ரூபாய் என்கிறார்கள். இவற்றில் எது உண்மையிலேயே பலன் தரும்?

பதில்:

வேறு எதைச் செய்தாலும் சரி, எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் தொடங்கிவிடாதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்க்கும் மருத்துவராக 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. சில வருடங்களுக்கு முன் ஓர் அம்மா மஞ்சள் பையோடு வந்தார். மகனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து மேஜை மேல் வைத்தார். இரண்டு லேகியம், ஒரு சூரணம், ஹோமியோபதி உருண்டைகள் மூன்று குப்பி, மீன் எண்ணெய், துத்தநாக சிரப், ஞாபகசக்தி டானிக் இரண்டு, புரதப் பவுடர், பெயரே ஒட்டாத பழுப்பு நிறப் பொடி ஒன்று. மொத்தம் 12. அவர் அடுக்கி முடிப்பதற்குள் பையன் எடை பார்க்கும் மெஷினில் நான்கு முறை ஏறி இறங்கிவிட்டான். "இதில் எதனால் பலன் தெரிகிறது?" என்று கேட்டேன். குப்பிகளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தெரியவில்லை டாக்டர். ஆனால் எதையும் நிறுத்தப் பயமாக இருக்கிறது" என்றார்.

ஒன்றரை வருடம் இப்படிப் போயிருந்தது. அவனுடைய வகுப்பில் எல்லாரும் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்ட ஒன்றரை வருடம் அது. இந்தச் சிகிச்சைகளுக்கு நாம் கொடுக்கும் விலையைக் கணக்கிடும்போது பணத்தை மட்டும் எண்ணுகிறோம். குழந்தையின் நாட்களையும் எண்ண வேண்டும்.

ஏடிஎச்டியின் குணம் ஏறி இறங்குவது. பரீட்சை நேரம், விடுமுறை முடிந்த முதல் வாரம், வீட்டில் சண்டை, சரியாகத் தூங்காத நாட்கள் என்றால் கூடும். பிறகு தானாகவே சற்றுத் தணியும். நாம் வைத்தியம் தேடி ஓடுவது எப்போதும் அது உச்சத்தில் இருக்கும்போதுதான். தானாகத் தணிய வேண்டியது தணியும்போது, அப்போது கையில் எந்தக் குப்பி இருக்கிறதோ அதற்கு நல்ல பெயர் கிடைத்துவிடுகிறது. இதில் பெற்றோரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளை தேற வேண்டும் என்று ஏங்கும் கண் தேறியதாகத்தான் பார்க்கும்.

சர்க்கரையைப் பற்றி 1994-இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. இனிப்பு சாப்பிட்டால் தங்கள் மகன்கள் அடங்காமல் போகிறார்கள் என்று நம்பிய தாய்மார்களையும், 5 முதல் 7 வயதுள்ள அவர்களின் மகன்களையும் வரவழைத்தார்கள். பையன்கள் எல்லாருக்கும் சர்க்கரை இல்லாத செயற்கை இனிப்புப் பானம்தான் கொடுக்கப்பட்டது. ஆனால் பாதித் தாய்மார்களிடம், "உங்கள் பையனுக்கு நிறையச் சர்க்கரை கொடுத்திருக்கிறோம்" என்றார்கள். அந்தத் தாய்மார்கள் தங்கள் மகன்கள் அதிகமாகத் துள்ளியதாக மதிப்பெண் போட்டார்கள். அதோடு, அவர்கள் மகனை ஒட்டியே நின்றார்கள், அதிகம் குறை சொன்னார்கள் என்பதையும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பதிவு செய்தார்கள். சர்க்கரை குழந்தையின் நடத்தையைக் கெடுப்பதில்லை என்பதை அடுத்த ஆண்டு வெளியான தொகுப்பாய்வும் (பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்ப்பது) உறுதி செய்தது. பல்லுக்காகவும் எடைக்காகவும் சர்க்கரையைக் குறையுங்கள். ஏடிஎச்டிக்காக என்று பிறந்தநாள் கேக்கைப் பறிக்க வேண்டாம்.

ஆக, எந்தச் சிகிச்சையைப் பற்றியும் நான் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: மதிப்பெண் போட்டவருக்கு, குழந்தைக்கு என்ன கொடுக்கப்பட்டது என்று தெரியுமா, தெரியாதா? 2013-இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் மருந்தில்லாச் சிகிச்சைகளைப் பற்றிய 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். சிகிச்சையோடு நெருக்கமாக இருந்தவர்கள் போட்ட மதிப்பெண்ணில் எல்லாமே பலன் தந்தது போலத் தெரிந்தது. விஷயம் தெரியாதவர்கள் போட்ட மதிப்பெண்ணை மட்டும் எடுத்தபோது இரண்டுதான் தேறின: மீன் எண்ணெயில் இருப்பது போன்ற ஒமேகா கொழுப்பு அமிலங்கள், உணவில் செயற்கை நிறங்களை விலக்குதல். அவற்றின் பலனும் பெரிதல்ல. பெற்றோர் பயிற்சிகூட, ஏடிஎச்டியின் அடிப்படை அறிகுறிகளைப் பொறுத்தவரை, இந்தச் சோதனையில் தடுமாறியது. ஆனால் பிடிவாதம், எதிர்த்துப் பேசுதல் போன்றவை அந்தப் பயிற்சியால் குறைகின்றன, பெற்றோர் பிள்ளையைக் கையாளும் விதமும் மாறுகிறது என்று அடுத்த ஆண்டே அதே குழுவினர் காட்டினார்கள். வீட்டில் தினமும் கத்தலும் அழுகையுமாக இருக்கும் குடும்பத்துக்கு அது சின்ன விஷயமல்ல. அந்தப் பயிற்சிக்குக் கட்டாயம் போங்கள், கணவரையும் அழைத்துக்கொண்டு.

இனி நீங்கள் கேட்டவற்றுக்கு வருகிறேன்.

உணவு நிறங்கள் பற்றிய சந்தேகத்தை 1970-களில் கிளப்பியவர் பெஞ்சமின் ஃபைன்கோல்டு என்ற அமெரிக்க ஒவ்வாமை மருத்துவர். அவர் சொன்ன அளவுக்கு அது உண்மையாகவில்லை. முழுப் பொய்யாகவும் போகவில்லை. 2007-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில், ஏடிஎச்டி இல்லாத சாதாரணக் குழந்தைகளுக்கு செயற்கை நிறங்களும் சோடியம் பென்சோவேட் என்ற பதப்படுத்தும் பொருளும் கலந்த பானத்தைக் கொடுத்துப் பார்த்தபோது துறுதுறுப்பு கொஞ்சம் கூடியது. அதன் பிறகு, ஆய்வில் பயன்படுத்திய ஆறு நிறங்களில் ஏதேனும் ஒன்று சேர்த்த உணவில், குழந்தைகளின் செயல்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும் என்று அச்சிட வேண்டும் என்ற விதி 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது. அந்த ஆறில் டார்ட்ராசின், சன்செட் யெல்லோ, கார்மோய்சின், பொன்சோ 4ஆர் ஆகிய நான்கும் இந்தியாவில் அனுமதிக்கப்பட்டவை. பொட்டலத்தின் பின்புறம் 102, 110, 122, 124 என்று எண்களாகப் போட்டிருப்பார்கள். அந்த எண்கள் இருக்கும் மிட்டாய், ஜெல்லி, கலர் பானங்களை வாங்காமல் விட்டுவிடுங்கள். இதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

கோதுமை, பால் நிறுத்துவது வேறு கதை. 2011-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் 100 குழந்தைகளில் பாதிப் பேருக்கு, சோறு, இறைச்சி, காய், பேரிக்காய், தண்ணீர் என்று மிகச் சில உணவுகளை மட்டும் ஐந்து வாரம் கொடுத்தார்கள். பெரும்பாலானோரிடம் நல்ல மாற்றம் தெரிந்ததாக எழுதினார்கள். ஆனால் மதிப்பெண் போடப்பட்டது பெரும்பாலும், ஐந்து வாரமும் பாடுபட்டுச் சமைத்துப் போட்ட பெற்றோர் சொன்னதை வைத்துத்தான். நாம் சற்றுமுன் பார்த்த சிக்கல்தான் இங்கேயும். அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: எந்த உணவு ஒத்துக்கொள்ளாது என்று கண்டுபிடிப்பதாகச் சொல்லிச் செய்யப்படும் ஐஜிஜி ரத்தப் பரிசோதனையால் எதையும் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. அதற்குப் பணம் கட்டாதீர்கள். உங்கள் மகனுக்கு வயிற்றுப்போக்கோ எடைக் குறைவோ இருந்து, சோதனையில் கோதுமை ஒவ்வாது என்று தெரிந்தால் நிறுத்துவது நியாயம். காணொளியை நம்பி நிறுத்துவது நியாயமல்ல. இந்தப் பிள்ளைகளில் பலர் தட்டின் முன் ஐந்து நிமிடம் உட்காருவதே பாடு. அந்தத் தட்டில் இருந்து சப்பாத்தியையும் தயிரையும் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்?

மீன் எண்ணெயைப் பொறுத்தவரை உங்கள் நாத்தனார் சொன்னதில் சிறிதளவு உண்மை இருக்கிறது. 10 ஆய்வுகளைச் சேர்த்து 2011-இல் வெளியான தொகுப்பாய்வில் அதன் பலனின் அளவு சுமார் 0.3 (ஆய்வாளர்களின் அளவுகோலில் 0.2 என்றால் சிறிய பலன், 0.8 என்றால் பெரிய பலன்). ஏடிஎச்டி மாத்திரையான மெத்தில்பெனிடேட்டுக்கு, மருத்துவர்கள் போட்ட மதிப்பெண்ணின்படி, அதே மாதிரியான அளவுகோலில் 0.8-க்குப் பக்கம். இன்னும் கடுமையாகச் சலித்துப் பார்த்த வேறு தொகுப்பாய்வுகள் அந்த 0.3-ஐயும் சந்தேகிக்கின்றன. கொடுத்துப் பார்க்க நினைத்தால் குப்பியின் முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள். '1000 மி.கி.' என்று பெரிதாகப் போட்டிருப்பது எண்ணெயின் எடை. பின்பக்கத்தில் அதிலுள்ள ஒமேகா கொழுப்பு அமிலங்கள் இபிஏ 180, டிஎச்ஏ 120 என்று சின்ன எழுத்தில் இருக்கும். ஆய்வுகளில் பலனோடு தொடர்பு தெரிந்தது அந்த இபிஏயின் அளவுக்குத்தான். எவ்வளவு கொடுப்பது என்பதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், மூன்று மாதம் மட்டும் பாருங்கள். வீட்டில் மீன் சாப்பிடுவீர்கள் என்றால் வாரம் இரண்டு நாள் மத்திக் குழம்பு வையுங்கள். மாத்திரைக்குப் பதிலாக அதைச் சொல்லவில்லை. நல்ல சாப்பாடு என்பதால் சொல்கிறேன்.

யாரும் உங்களிடம் சொல்லாத ஒன்றுக்கு வருகிறேன். அந்த மஞ்சள் பையில் 12 மருந்துகள் இருந்தன. இரும்புச்சத்து மட்டும் இல்லை. பையனின் ஃபெரிட்டினைப் பார்த்தபோது 9 வந்தது. உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் அளவு அது. மூளையில் கவனத்துக்கு வேண்டிய டோபமைன் உற்பத்திக்கு இரும்பு தேவை. 2004-இல் பிரான்சில் ஒரு குழுவினர் ஏடிஎச்டி உள்ள 53 குழந்தைகளைப் பார்த்தபோது அவர்களின் ஃபெரிட்டின் சராசரி 23. மற்றக் குழந்தைகளுக்கு 44. குறைவாக இருந்த சிலருக்கு இரும்பு கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வில் ஓரளவு முன்னேற்றமும் தெரிந்தது. நம் ஊருக்கு இது இன்னும் பொருந்தும்: 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் ஃபெரிட்டின் குறைந்திருக்கலாம்; தனியாகக் கேட்டுப் பாருங்கள். காய்ச்சல், சளி இருக்கும்போது எடுத்தால் கூடுதலாகக் காட்டும். குறைவாக இருந்தால் மட்டுமே, மருத்துவர் சொன்ன அளவில் மட்டுமே இரும்பு கொடுக்க வேண்டும். தேவையில்லாத குழந்தைக்கு இரும்பு விஷம். குப்பியைக் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அந்தப் பையனுக்கு இரும்பு ஏறியதும் ஏடிஎச்டி போய்விடவில்லை. சோர்வும் எரிச்சலும் குறைந்தன, தூக்கத்தில் கால் உதைப்பது நின்றது. மற்றச் சிகிச்சைகளை அவன் தாங்கிக்கொள்ள அது உதவியது.

அடுத்தது தூக்கம். உங்கள் மகன் குறட்டை விடுகிறானா, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறானா? மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு சதை வீங்கி மூச்சு தடைபட்டுத் தூக்கம் கெடும் குழந்தை பகலில் சோர்ந்து உட்காராது, ஆட்டம்தான் போடும். காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருமுறை பார்த்துவிடட்டும். இரவு எத்தனை மணிக்குக் கைப்பேசி ஓய்கிறது என்பதையும் கவனியுங்கள். ஆஸ்திரேலியாவில் 244 ஏடிஎச்டி குழந்தைகளின் பெற்றோரில் ஒரு பகுதியினருக்குத் தூக்கப் பழக்கங்களைச் சொல்லிக்கொடுத்தபோது, குழந்தைகளின் தூக்கச் சிக்கல்களோடு அறிகுறிகளும் ஓரளவு குறைந்தன. மெலடோனின் மாத்திரை தூக்கத்தைச் சற்று முன்னால் கொண்டுவரும். பகல் நேர நடத்தை அதனால் மாறியதாக ஆய்வில் தெரியவில்லை. அதை நீங்களாகக் கடையில் வாங்க வேண்டாம்.

வல்லாரையைப் பற்றி எழுதும்போது எனக்குக் கவனம் வேண்டும், ஏனென்றால் நானும் வல்லாரைத் துவையல் சாப்பிட்டு வளர்ந்தவன். முதலில், எந்தச் செடி? நாம் வல்லாரை என்பது தவளைக்கால் போன்ற இலையுடைய கீரை. நீர்ப்பிரமி வேறு; சதசதப்பான நிலத்தில் படரும், சின்னச் சின்னத் தடித்த இலைகள். இரண்டையும் 'பிரம்மி' என்ற ஒரே பெயரில் விற்கிறார்கள். ஒன்றைப் பற்றிய ஆய்வை மற்றதன் குப்பியில் ஒட்டுகிறார்கள். நீர்ப்பிரமிச் சாறு பற்றி ஆஸ்திரேலியாவில் 6 முதல் 14 வயதுள்ள நூற்றுக்கு மேற்பட்ட பையன்களிடம் 14 வாரம் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், கவனக்குறைவிலும் துறுதுறுப்பிலும் வெற்று மாத்திரையைவிட மேலான பலன் தெரியவில்லை. தூக்கம் போன்ற சில பக்க விஷயங்களில் சிறு முன்னேற்றம் இருந்தது. துவையலாக, கூட்டாக வல்லாரை தாராளமாகக் கொடுங்கள். லேகியத்தில் என் கவலை, வல்லாரையோடு அதில் வேறென்ன இருக்கிறது என்பது.

2008-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இணையத்தில் விற்கப்பட்ட 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தார்கள். ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஏதோ ஒன்று இருந்தது. ஈயம் கவனக்குறைவை உண்டாக்கும் நஞ்சு. அதைக் கவனக்குறைவுக்கே மருந்தாகக் கொடுக்க நேர்ந்தால் எவ்வளவு கொடுமை என்று நினைத்துப் பாருங்கள். சித்த மருத்துவத்தை நான் தூக்கி எறியவில்லை. படித்துப் பட்டம் பெற்று, என்ன மருந்து என்று பெயர் எழுதிக் கொடுக்கும் சித்த மருத்துவர்களோடு நான் பேசிப் பழகுகிறேன். பெயர் ஒட்டாத பொடியை வேண்டாம் என்கிறேன். உலோகம், தாது சேர்த்துச் செய்யும் பற்பம், செந்தூரம் வகைகளை வளரும் மூளைக்குக் கொடுக்க வேண்டாம் என்கிறேன். நாக்கு திருந்தும், புத்தி தெளியும் என்று வசம்பு உரைத்துக் கொடுக்கும் வழக்கமும் இன்னும் இருக்கிறது. வசம்பில் உள்ள பீட்டா-அசரோன் விலங்குகளில் புற்றுநோயை உண்டாக்கியதால் 1968-லேயே அமெரிக்கா அதை உணவில் தடை செய்தது. அதையும் விட்டுவிடுங்கள்.

மூளை அலைப் பயிற்சிக்கு 40 அமர்வு என்றால் 60,000 ரூபாய். அமெரிக்காவில் 7 முதல் 10 வயதுள்ள 140-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் 38 அமர்வுகள் நடத்தி இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு உண்மையான பயிற்சி. மற்றவர்களுக்கு, திரையில் ஓடுவது அவர்களுடைய மூளை அலையே அல்லாத போலிப் பயிற்சி. யாருக்கு எது என்று குழந்தைக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. இரண்டு குழுக்களும் முன்னேறின, ஏறக்குறைய ஒரே அளவில். ஓர் ஆண்டுக்குப் பிறகும் வித்தியாசம் இல்லை. முன்னேறியது உண்மை, அதற்கு மூளை அலை காரணமில்லை. வாரம் மூன்று நாள் ஒருவர் அந்தக் குழந்தையைப் பெயர் சொல்லி அழைத்து, அருகில் உட்கார்ந்து, உட்கார்ந்ததற்குப் பாராட்டினார். அதற்கு ஹெல்மெட் தேவையில்லை. அந்த 60,000 ரூபாயில் ஒரு வருடத்துக்கு நல்ல சிறப்பாசிரியர் ஒருவரை வாரம் இரண்டு நாள் வைத்துக்கொள்ளப் பாருங்கள்.

ஹோமியோபதி பற்றி 2007-இல் ஆய்வுகளைத் தொகுத்தவர்கள், பலன் இருப்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றார்கள். யோகா பற்றிய ஆய்வுகள் மிகச் சிறியவை. பெங்களூர் நிம்ஹான்ஸில் நடந்த ஒன்றில் 9 குழந்தைகள்தான். தீங்கில்லை, பிடித்திருந்தால் செய்யட்டும். ஆனால் 7 வயதுப் பையனைக் கண்ணை மூடி உட்கார வைப்பதைவிட ஓட விடுவது மேல். மைதானம், நீச்சல், சிலம்பம், எதுவானாலும் சரி. பள்ளிக்குப் பிறகு, வீட்டுப்பாடத்துக்கு முன்பாக இருக்கட்டும். பூங்காவில் 20 நிமிடம் நடந்துவிட்டு வந்த பிறகு, கடைவீதியில் நடந்துவிட்டு வந்ததைவிட ஏடிஎச்டி குழந்தைகளுக்குக் கவனம் நன்றாக இருந்ததாக 2009-இல் ஒரு சிறிய ஆய்வு சொன்னது. சிறிய ஆய்வுதான், செலவில்லாத விஷயம் என்பதால் சொல்கிறேன்.

மாத்திரை மீதான பயத்தையும் பேசிவிடுவோம். குழந்தைகளுக்கு இந்த வகை மருந்து முதன்முதலில் கொடுக்கப்பட்டது 1937-இல். இவ்வளவு காலம், இவ்வளவு குழந்தைகளிடம் பார்க்கப்பட்ட மருந்து என்பதால் அதன் குறைகளும் நமக்குத் தெரியும்: பசி குறையும், தூக்கம் தள்ளிப்போகலாம், உயரம் சற்றுக் குறையலாம், நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால்தான் மாதாமாதம் எடை, உயரம் பார்க்கிறோம். தொடங்கினால் ஆயுளுக்கும் நிறுத்த முடியாது என்பது உண்மையல்ல. உங்கள் மகனுக்கு இப்போதே வேண்டுமா என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. பள்ளியில் தினமும் அடி வாங்குகிறான், நண்பர்கள் ஒதுக்குகிறார்கள், படிப்பில் பின்தங்குகிறான் என்றால், "முதலில் எல்லா இயற்கை வழிகளையும் பார்த்துவிட்டு" என்று இரண்டு வருடம் தள்ளிப்போடாதீர்கள்.

இனி செய்ய வேண்டியது. 40 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். தொந்தரவான மூன்று விஷயங்களை மட்டும் எழுதுங்கள்: இடத்தை விட்டு எழுந்தது, ஆரம்பித்ததை முடிக்காதது, கை ஓங்கியது, இப்படி. தினமும் 0 (தொந்தரவே இல்லை) முதல் 3 (மிக அதிகம்) வரை மதிப்பெண் போடுங்கள். எதையும் தொடங்கும் முன் இரண்டு வாரம் வெறுமனே எழுதுங்கள். பிறகு ஒரே ஒரு மாற்றம், முடியும் தேதி குறித்துக்கொண்டு. வகுப்பாசிரியையிடம் வாரம் ஒருமுறை அதே மூன்றுக்கு மதிப்பெண் கேளுங்கள். வீட்டில் என்ன மாற்றினீர்கள் என்று மட்டும் அவரிடம் சொல்லாதீர்கள். என்னிடம் வந்த ஒரு பஸ் கண்டக்டர் தன் டிக்கெட் கணக்கைப் போலவே ஒரு நாள்கூட விடாமல் எழுதினார். மீன் எண்ணெய் கொடுத்த மூன்று மாதத்தில் அவருடைய மதிப்பெண் பாதியாகக் குறைந்திருந்தது. ஆசிரியை போட்டது அப்படியே இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அவரே நிறுத்திவிட்டார்.

லேகியக் குப்பியை மாமியாரிடம் சண்டை போட்டுத் தூக்கி எறிய வேண்டாம். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அதையும், வீட்டில் இருக்கும் மற்றக் குப்பிகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். எதையும் மறைக்காதீர்கள், அவர் கோபித்தாலும் சரி. மாமியாரிடம் வாரத்தில் இரண்டு நாள் வல்லாரைத் துவையல் அரைத்துத் தரச் சொல்லுங்கள். இன்னொரு வேலையும் அவரிடம் கொடுங்கள்: இரவு எட்டரைக்குத் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, விளக்கைக் குறைத்து, பேரனைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு கதை சொல்லித் தூங்க வைப்பது.